சகோதரி சுப்புலட்சுமி: கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

எங்கள் பள்ளி ஆண்டுமலருக்கு, சென்னையில் இளம் விதவைகளைப் படிக்கவைத்த சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றி எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அவர் தொடங்கிய விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமாமே? என் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்திக்குக்கூட அங்கே இடம் கிடைத்திருக்காது. இதை எழுதுவதா, விட்டுவிடுவதா?

ஓர் ஆசிரியை, ஈரோடு

அன்புள்ள டீச்சர்,

எழுதுங்கள். மறைத்தால் மிஞ்சுவது மாலை போட்ட படம்தான்.

ஆனால் அந்த விடுதி ஏன் அப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பதினொரு வயதில் மணமாகி, சிறிது காலத்திலேயே கணவனை இழந்தவர் அவர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை என்று அவரைச் சொல்வார்கள். அன்றைக்குப் பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பது பெரும்பாடு. ஆண் வாத்தியாரிடம் வளர்ந்த பெண்ணை அனுப்ப மாட்டார்கள். மிஷன் பள்ளி என்றால் மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம். இன்னொரு பக்கம், வீட்டு மூலையில் சிறுமி விதவைகள் முடங்கிக் கிடந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்ததில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

மூலையில் கிடந்தவளை டீச்சராக்க, முதலில் அவளை வீட்டார் வெளியே விட வேண்டும். அதற்கு மடி எனும் தீட்டுப் படாத சுத்தம், ஆசாரம், தனிச்சமையல் எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். சமையலறையில் விட்டுக்கொடுத்துப் படிப்பை வாங்கினார். விதவை மறுமணத்தை விடுதியின் வேலையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆந்திரத்து ராஜமுந்திரியில் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் 1881லேயே விதவை மறுமணம் நடத்திக் காட்டியிருந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தப் பேரத்துக்கு விலை கொடுத்தவர்கள் விடுதிக்கு வெளியே நின்ற பிள்ளைகள். எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது.

விடுதி பிறகு ஐஸ் ஹவுஸுக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய அதே கடற்கரைக் கட்டடம்தான், இன்றைய விவேகானந்தர் இல்லம். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தபோது அதன் முதல்வரானார். குழந்தை மணத் தடைச் சட்டத்துக்கு முன் விசாரணை நடத்திய ஜோஷி குழுவின் முன் சாட்சியம் சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு செய்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்குப் பிடித்த பகுதி அதுதான். 1942இல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் என்ற பள்ளி. 1954இல், அறுபத்தெட்டு வயதில், தாம்பரம் பக்கம் மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நல மையம் அமைப்பதில் பங்கு. இடையில் சட்ட மேலவை உறுப்பினர், பிறகு பத்மஸ்ரீ. அதற்கெல்லாம் ஒரு வரி போதும்.

இடம் இருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியையும் பக்கத்தில் வையுங்கள். இருவரும் 1886இல் சில வார இடைவெளியில் பிறந்தவர்கள். தேவதாசிக் குடும்பத்திலிருந்து தப்பி வந்த சிறுமிகளைச் சாதி விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்ததால்தான் 1930இல் அவ்வை இல்லம் என்ற அடைக்கல விடுதியைத் தொடங்கினார் முத்துலட்சுமி. உங்கள் வகுப்புப் பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்வியை அதே ஊரில், அதே வயதுள்ள ஒருவர் அப்போதே கேட்டுவிட்டார். மலரில் இந்த இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பக்கம் கேட்டு வாங்குங்கள்.