ஆதிரையா, ஆதிராவா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எங்களுக்கு முதல் குழந்தை, பெண். மூன்று மாதம் ஆகப்போகிறது. பிறப்பைப் பதிந்தாயிற்று, பெயரை மட்டும் இன்னும் சேர்க்கவில்லை. நானும் கணவரும் ‘ஆதிரை’ என்று முடிவு செய்திருந்தோம். மாமியாருக்கு ‘ரை’ என்று முடிவது பிடிக்கவில்லை. ரொம்பப் பழைய காலத்துப் பெயர் போல இருக்கிறது, ‘ஆதிரா’ என்றால் புதுசாக இருக்கும் என்கிறார். கணவரின் அண்ணன் எண்கணிதம் பார்ப்பவர். இரண்டில் எதை வைத்தாலும் ஆங்கிலத்தில் கடைசியில் ஒரு ‘ஏ’ கூடுதலாகப் போட்டால்தான் கூட்டுத்தொகை நன்றாக வரும் என்கிறார். கணவருக்குப் பெங்களூரில் வேலை, பிள்ளை படிக்கப்போவதும் அங்கேதான், ‘ஐ’யில் முடியும் பெயரை அங்கே சரியாகச் சொல்வார்களா என்ற பயம் எனக்கே இருக்கிறது. ஆதிரைதான் என்றால் ஆங்கிலத்தில் கடைசியில் ‘ஏ, ஐ’ போடுவதா, ‘ஏ, ஒய்’யா, வெறும் ‘ஐ’ போதுமா? ஒரே ஒரு எழுத்துக்காக வீட்டில் தினமும் பேச்சு. நீங்கள் ஒரு முடிவு சொன்னால் நன்றாக இருக்கும்.

சி., ஓசூர்

அன்புள்ள சி.,

குழந்தைக்கு என் அன்பு. முடிவைக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அதையே முதலில் சொல்கிறேன்: ஆதிரை என்றே வையுங்கள், ஆங்கிலத்தில் ‘ஏ, ஐ’ போட்டு முடியுங்கள், கூடுதல் எழுத்து எதுவும் வேண்டாம். காரணங்களைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இது உங்கள் வீட்டுப் பேச்சு மட்டும் இல்லை, இப்போது பெண் குழந்தை பிறக்கிற பல வீடுகளில் இந்த ஐ, ஆ வழக்கு நடக்கிறது.

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு பாதி சரி. ஐயில் முடிவது பழையதுதான். எவ்வளவு பழையது என்று பாருங்கள்: சங்கப் பாடல் பாடிய பெண்களில் ஔவை, நக்கண்ணை, நச்செள்ளை, எல்லாம் ஐ. ஆதிமந்தி, மாசாத்தி, எல்லாம் இ. சிலப்பதிகாரத்துக்கு வந்தால் கண்ணகி, மாதவி, மணிமேகலை, வயந்தமாலை, தேவந்தி, கவுந்தி, மாதரி, மாதரியின் மகள் ஐயை. நம் மொழி பெண்பிள்ளையைக் கூப்பிட வைத்திருந்த இரண்டு பெரிய வாசல்கள் இவைதான். வடமொழிப் பெயர் வந்தபோதும் அதை இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே விட்டார்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் இதை விதியாகவே எழுதிவைத்திருக்கிறார், “ஆவீறு ஐயும் ஈயீறு இகரமும்” என்று. அதாவது அங்கே ஆவில் முடிந்தால் இங்கே ஐ, அங்கே ஈயில் முடிந்தால் இங்கே இ. கம்பர் சீதாவைச் சீதை ஆக்கினார், கௌசல்யாவைக் கோசலை, சுமித்ராவைச் சுமித்திரை, மந்தராவை மந்தரை, அகல்யாவை அகலிகை, திரிஜடாவைத் திரிசடை. ஊர்ப் பெயரும் ஆற்றுப் பெயரும் இப்படித்தான், கங்கை, யமுனை, மிதிலை, இலங்கை.

இதற்கு நேர் எதிராக ஒன்றும் நடந்திருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அது. திருப்பாவையின் கடைசிப் பாட்டில் ஆண்டாள் தன்னைப் ‘பட்டர்பிரான் கோதை’ என்று சொல்கிறாள். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் அவளை வடமொழியில் பாட வந்தபோது அந்தக் கோதை ‘கோதா’ ஆகிறாள், கோதா ஸ்துதி. அந்த மொழிக்குப் போனதால் அந்த மொழியின் ஈறு. ஆண்டாள் தமிழில் பேசும்போது கோதை, வடமொழியில் துதிக்கப்படும்போது கோதா. இரண்டும் அவளே, இரண்டிலும் குறையில்லை. ஆனால் தமிழ் பேசுகிற வீட்டில், தமிழ்ப் பெயராக வைக்க நினைத்துவிட்டு, ஐ பழசாகத் தெரிகிறது என்பதற்காக ஆவுக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் ஆதிரா எங்கிருந்து வருகிறது என்பதையும் மாமியாரிடம் சொல்லுங்கள். ஆதிரை ஒரு விண்மீனின் பெயர், அதன் வடமொழிப் பெயர் ஆர்த்ரா. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் என்கிறோமே, அது. தமிழில் அது ஆதிரை, திருவாதிரை. மலையாளத்தில் நம் ஐ ஈறு குறில் அகரமாக நிற்கும்: மழை அவர்களுக்கு மழ, தலை தல, திருவாதிரை திருவாதிர. ஆகவே ஆதிரை அங்கே ‘ஆதிர’. கேரளத்தில் அது பரவலான பெண்பெயர், அழகான பெயர். பெயரைக் குறில் அகரத்தில் நிறுத்துவது நமக்குப் பழக்கமில்லாததால் அதை நாம் நீட்டி ஆதிரா என்று எழுதுகிறோம். ஆக உங்கள் வீட்டில் புதுசாகத் தெரிவது அதே ஆதிரைதான், மலையாளத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறாள். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து யாராவது என்னிடம் கேட்டிருந்தால் தயங்காமல் அந்தப் பெயரையே வைக்கச் சொல்லியிருப்பேன்.

ஆவில் முடியும் எல்லாப் பெயரையும் ஐயாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கவிதா என்று ஒரு பெண் இருந்தால் அவள் கவிதாவாகவே இருக்கட்டும். வித்யாவை வித்தை என்றால் அது கழைக்கூத்தாடி காட்டுவது. லீலாவை லீலை என்று கூப்பிட யாருக்கும் மனம் வராது. ஐ போட்டதும் அன்றாடம் புழங்கும் பொதுச்சொல் ஆகிவிடுகிற இடங்களில் அந்த ஆ ஒரு வேலை செய்கிறது, இது ஆள், பொருளில்லை என்று பிரித்துக் காட்டுகிறது. மாலா, கலா, லதா எல்லாம் தலைமுறைகளாக நம் தெருக்களில் வாழ்ந்த பெயர்கள், அவற்றைத் தமிழில்லை என்று தள்ள எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் ஆதிரைக்கு அந்தச் சிக்கல் கிடையாது. சொன்னால் ஒரு விண்மீன் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் ஒரு பெண்.

அந்தப் பெண் யார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? மணிமேகலையின் கையில் அமுதசுரபி வந்துவிடுகிறது, ஆனால் அதில் முதல் பிச்சை யாரிடம் வாங்குவது? காயசண்டிகை என்ற பெண் கைகாட்டுவது காவிரிப்பூம்பட்டினத்து ஆதிரையின் வீட்டை. கணவன் சாதுவன் கடலில் போய்விட்டான் என்று கேள்விப்பட்டுத் தீயில் இறங்கியவள், தீ சுடவில்லை. அவனும் உயிரோடு திரும்பினான். கற்புக்கதை என்கிற அளவில் இன்று நமக்கு அதில் கேள்விகள் இருக்கலாம், எனக்கும் இருக்கின்றன. ஆனால் சாத்தனார் அவளை நிறுத்துகிற இடம் வேறு: “பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுகென ஆதிரை இட்டனள் ஆருயிர் மருந்து.” உலகம் முழுவதும் பசி என்கிற நோய் ஒழியட்டும் என்று சொல்லிப் போட்ட முதல் சோறு அவளுடையது. இந்த வரியில் ஆதிரா என்று போட்டுப் படித்துப் பாருங்கள், என்னால் முடியவில்லை. பெயர் வைக்கும் அன்று மாமியாரை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள், பழைய பெயர் என்கிற குறை அவருக்கே பெருமையாகத் தெரியலாம்.

அவருக்கு அந்த ‘ஆ’ ஓசைதான் வேண்டும் என்றால் அதுவும் கிடைக்கும். தமிழில் ஐயில் முடியும் பெயரைக் கூப்பிட்டால் ஆய் ஆகிவிடும். “இ ஈ ஆகும் ஐ ஆய் ஆகும்” என்பது தொல்காப்பியத்தின் விளிமரபு. அன்னை அன்னாய் ஆவது, நங்கை நங்காய் ஆவது எல்லாம் இதுதான். தூங்குகிறவளை ஆண்டாள் எழுப்புவதும் “நங்காய் எழுந்திராய்” என்றுதான். பேச்சில் நாம் கடைசி ஐயை முழுசாகச் சொல்வதும் இல்லை, வேலையை வேல என்கிறோம், மழையை மழ என்கிறோம். பாட்டி வாசலில் நின்று பேத்தியைக் கூப்பிடும்போது ‘ஆதிரா’ என்றுதான் நீளும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். எழுதுவதில் ஆதிரை, கூப்பிடுவதில் ஆதிரா, வீட்டில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. வேற்றுமை உருபு சேரும்போதும் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஆதிரைக்கு, ஆதிரையோடு. ஆதிராவுக்கு, ஆதிராவோடு. முதலாவது எவ்வளவு இலகுவாக வருகிறது! ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லப்போகிறீர்கள்.

பெங்களூரைப் பற்றி நீங்கள் பயப்படவே வேண்டாம். கன்னடமும் இதையே செய்கிறது, ஐக்குப் பதில் எகரம், அவ்வளவுதான். நம் மலை அவர்களுக்கு மலெ, தலை தலெ, வடமொழி சீதா சீதெ, ராதா ராதெ, கங்கா கங்கெ. ஓசூரில் இருக்கிறீர்கள், அக்கம்பக்கத்தில் கேட்டே இருப்பீர்கள். அந்தக் காதுக்கு ஆதிரை அந்நியமாக ஒலிக்காது. வடக்கிலிருந்து வந்தவர்கள்? அவர்கள் சென்னையை, மதுரையை, மும்பையைத் தினமும் படிக்கிறார்கள். மூன்றும் ஆங்கிலத்தில் ‘ஏ, ஐ’ என்றே முடிகின்றன, யாரும் தடுமாறுவதில்லை. அதனால்தான் ஆதிரைக்கும் அதையே போடச் சொல்கிறேன். ‘ஏ, ஒய்’ போட்டால் பழைய பாம்பேயைப் படிப்பது போல ‘ஆதிரே’ என்று படிப்பார்கள். வெறும் ‘ஐ’ போட்டால் ஆதிரி. ஏற்கெனவே இகரத்தில் முடியும் பெயர்களுக்கு, ப்ரீத்தி, நந்தினி மாதிரி, ‘ஐ’யோ ‘ஒய்’யோ எது போட்டாலும் ஓசை மாறாது, அங்கே விருப்பம் போல வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

நடுவில் வரும் ‘தி’ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வியும் வரும். தமிழ் என்று எழுதும்போது போடுகிற ஆங்கில எழுத்தோடு எச் சேர்ப்பது நம் பழக்கம், வடக்கே அந்த எச் வேறு ஓசை, லதா மங்கேஷ்கர் பெயரில் எச் கிடையாது, நம்மூர் லதாக்கள் எல்லோருக்கும் உண்டு. ஆதிரையில் அந்தத் தகரம் மெல்லியது, ஆகவே டெல்லிக்குப் போடும் எழுத்தோடு எச் சேர்த்தால் நெருங்கி வரும். முதலில் இரண்டு ‘ஏ’ போடுங்கள், நெடில் தெரியட்டும்.

இப்போது அண்ணன் சொல்லும் கூடுதல் ‘ஏ’. ஜெயலலிதா 2001-ல் தன் பெயரின் ஆங்கில எழுத்தில் கடைசியில் இன்னொரு ‘ஏ’ சேர்த்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்ததே, அதிலிருந்து இந்த ஆசை பல வீடுகளில் கூடியிருக்கிறது. தமிழில் அவர் பெயர் அன்றும் அதேதான், பின்னும் அதேதான். எனக்கு இதில் இருக்கும் வருத்தம் அதுதான். எண்கணிதம் பார்ப்பவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கணக்கு ஆங்கில எழுத்துகளுக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை எண் கொடுத்துக் கூட்டுவது. அந்தக் கணக்கில் அம்மா வாயால் கூப்பிடும் பெயருக்கு மதிப்பே இல்லை, அதை இன்னொரு எழுத்தில் பெயர்த்து எழுதியதற்குத்தான் மதிப்பு. என் பிள்ளையின் விதியை நான் அந்த இடத்தில் வைக்க மாட்டேன். அண்ணனுக்கு நம்பிக்கை இருக்கிறது, அன்பில்தான் சொல்கிறார், அவரிடம் சண்டை போட வேண்டாம். ‘இந்தச் சான்றிதழ் பிள்ளையின் வாழ்க்கை முழுக்க வரும், உச்சரிப்புக்குப் பொருந்துகிற எழுத்தையே போடுகிறோம்’ என்று கணவரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொல்வதைவிட அது சுமுகமாகப் போகும்.

முழுக்க வரும் என்பது பேச்சுக்குச் சொன்னது இல்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023-ல் திருத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், கடவுச்சீட்டு என்று பிறந்த தேதி கேட்கும் இடமெல்லாம் பிறப்புச் சான்றிதழ்தான் ஆவணம். நாமெல்லாம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை வைத்துச் சமாளித்த காலம் போய்விட்டது. எல்லாம் அந்த ஒரு தாளிலிருந்துதான் தொடங்கப்போகிறது, அதில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து என்று ஆனால் பிள்ளைதான் பிற்பாடு அலைய வேண்டும். பெயரைச் சேர்க்கப் பிறந்ததிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஒருமுறை சேர்த்த பெயரை மாற்றுவது லேசில்லை. அதனால் உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் பேசிப் பேசித் தள்ளிப் போடாமல் இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

பெயரைச் சேர்க்கப் போகும்போது இரண்டு மொழியிலும் பெயரைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி எடுத்துப் போங்கள், வாயால் சொல்லாதீர்கள். தட்டச்சு செய்ததும் திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ‘ரை’ என்பது ‘றை’ ஆகியிருக்கிறதா, துணைக்கால் விழுந்து ‘ரா’ ஆகியிருக்கிறதா, ஆங்கிலத்தில் கடைசி இரண்டு எழுத்தும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் அச்சடிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா