நீளமான மார்க்டவுன் கோப்புக்குப் பொருளடக்கம் சேர்க்க எந்தக் கட்டளை வரிக் கருவி நல்லது?

கேள்வி சுருக்கமாக இது: கிட்ஹப்பில் ஒரு பயிற்சிக் கையேடு, ஒரே மார்க்டவுன் கோப்பு (தலைப்புகளை # போன்ற குறிகளால் காட்டும் எளிய உரைக் கோப்பு), 60 தலைப்புகளுக்கு மேல், அதில் பாதி தமிழில். பொருளடக்கத்தைக் கையால் எழுதி மாளவில்லை. டெர்மினலில் ஒரே கட்டளையில் முடியுமா?

முடியும். டாக்டாக் (doctoc) என்ற கருவியைப் போட்டுக்கொள்ளுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். நான் இதே வேலைக்கு மூன்று கருவிகளை மாற்றி, நடுவில் சொந்தமாக ஒன்றை எழுதிச் சூடுபட்டவன். அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டாக், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைக் கணினியில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் ஓடுவது. அதோடு வரும் நிறுவியான என்பிஎம் (npm) வழியாக நிறுவிவிட்டு, கருவியின் பெயரையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால் போதும். கோப்பின் மேல்பகுதியில் இரண்டு மறைகுறிப்புகளைப் போட்டு, நடுவில் பொருளடக்கத்தை எழுதிவிடும். அந்தக் குறிப்புகள் உலாவியில் தெரியாது, கோப்பைத் திறந்தால்தான் தெரியும். ‘இதை அழிக்காதீர்கள், தானாகப் புதுப்பிக்க இது வேண்டும்’ என்று அதற்குள்ளேயே ஆங்கிலத்தில் கெஞ்சியிருப்பார்கள். அடுத்த முறை ஓட்டும்போது அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் மாற்றும், வேறு எதையும் தொடாது. பொருளடக்கம் முன்னுரைக்குக் கீழே வர வேண்டுமானால், அந்தக் குறிப்பு வரிகளை நீங்களே அங்கே கொண்டுபோய் வைத்துவிடலாம். எத்தனை ஆழம் வரை தலைப்புகள் வேண்டும், பொருளடக்கத்துக்கு மேலே என்ன பெயர் வர வேண்டும் என்பதற்கும் தெரிவுகள் உண்டு. 60 தலைப்புகள் என்றால் இரண்டாம் நிலையோடு நிறுத்துங்கள். மூன்றாம் நிலையையும் சேர்த்தால் பொருளடக்கத்துக்கே ஒரு பொருளடக்கம் தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கை. கோப்பின் பெயருக்குப் பதிலாக ஒரு கோப்புறையைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் எல்லா மார்க்டவுன் கோப்புகளிலும், துணைக் கோப்புறைகள் உட்பட, பொருளடக்கத்தைச் சேர்த்துவிடும். நான் ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கோப்பின் பெயர் அடிக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளியை வைத்து என்டர் தட்டினேன். இரண்டு பத்தி மட்டுமே இருந்த உரிமக் குறிப்புக்குக்கூடப் பொருளடக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் இருந்ததால் பிழைத்தேன். முதல் முறை ஓட்டும் முன் எல்லாவற்றையும் கமிட் செய்துவிடுங்கள், அதாவது இப்போதைய நிலையைக் கிட்டில் பதிந்துவிடுங்கள்.

சரி, இதில் கஷ்டமான பகுதி எது தெரியுமா? தலைப்புகளைப் பட்டியல் போடுவது அல்ல. # குறியில் தொடங்கும் வரிகளை எடுப்பது ஒரு வரி ஸ்கிரிப்ட். (அதிலும் ஒரு பொறி உண்டு: ``` குறிகளுக்கு நடுவே இருக்கும் ஷெல் நிரலில் # என்று தொடங்கும் விளக்க வரி இருந்தால், அதுவும் தலைப்பாக வந்து நிற்கும்.) உண்மையான தலைவலி இணைப்புதான். ஒவ்வொரு தலைப்புக்கும் கிட்ஹப் தானாக ஒரு ஆங்கர் பெயர் (இணைப்பு போய் இறங்கும் இடத்தின் பெயர்) வைக்கிறது. பொருளடக்கத்தில் இருக்கும் இணைப்பு அந்தப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒன்று பிசகினாலும் சொடுக்கினால் பக்கம் அசையாது, பிழைச் செய்தியும் வராது.

கிட்ஹப்பின் விதி ஏறக்குறைய இதுதான்: ஆங்கில எழுத்துகளைச் சிறியதாக்கு, நிறுத்தக்குறிகளை எடு, இடைவெளிக்குக் கோடு போடு. ‘1. அறிமுகம்’ என்பது ‘1-அறிமுகம்’ ஆகும். ‘தேவை & நிறுவல்’ என்றால் நடுக்குறி போய், அதன் இரு பக்கமும் இருந்த இடைவெளிகள் இரண்டு கோடுகளாகி, ‘தேவை--நிறுவல்’ என்று நிற்கும். கையால் பொருளடக்கம் எழுதுகிறவர்கள் ஒரு கோடு போட்டுவிட்டு முழிப்பது இங்கேதான். ஒரே தலைப்பு இரண்டு முறை வந்தால் இரண்டாவதன் வாலில் ‘-1’ ஒட்டிக்கொள்ளும். ‘பயிற்சி’ என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் தலைப்பு வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் நடுவில் ஒரு அத்தியாயம் சேர்த்தால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும்.

இப்போது தமிழுக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் பள்ளிப் பிள்ளைகளுக்காக லினக்ஸ் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு சின்ன வேலைக்காக நோட் ஜேஎஸ் எதற்கு என்று நினைத்து, பைத்தானில் 40 வரியில் நானே ஒரு கருவி எழுதினேன். ஆங்கிலத் தலைப்புகளில் அருமையாக ஓடியது. தமிழில் ஓட்டியதும் ‘அறிமுகம்’ என்பது ‘அறமகம’ என்று வந்தது. ‘நிறுவுதல்’ ‘நறவதல’ ஆனது. ‘தேவைகள்’ ‘தவகள’. குழந்தை மழலை பேசுவதுபோல் இருந்தது, சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு இணைப்பும் வேலை செய்யவில்லை.

காரணம் என்னவென்றால், வேண்டாத குறிகளை நீக்க எல்லோரும் செய்வதுபோல் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் வடிவம் பார்த்துத் தேடும் குறிமுறை) ‘சொல் எழுத்து’ (\w) வகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறியச் சொல்லியிருந்தேன். பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுப்புக்கு ‘ற’ எழுத்து, ஆனால் அதன்மேல் நிற்கும் இகரக் குறி எழுத்து அல்ல. யூனிகோடில் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் குறிகள், எழுத்து வகையில் சேராதவை. அதனால் உயிர்மெய்யில் இருந்த உயிரையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டது. இன்னும் மோசம், எங்கள் கையேட்டில் ‘பாடங்கள்’ என்று ஒரு தலைப்பும் ‘படங்கள்’ என்று ஒரு தலைப்பும் இருந்தன. இரண்டும் ‘படஙகள’ என்று ஒன்றாகிவிட்டன. ஜாவாஸ்கிரிப்டில் அதே வகையைப் பயன்படுத்தினால் தமிழ் முழுவதுமே போய்விடும், அதற்கு ஆங்கில எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும் மட்டும்தான் சொல். கிட்ஹப் இந்த வேலையை ரூபி மொழியின் விதிப்படி செய்தது, அங்கே குறிகளும் சொல்லில் அடங்கும். அதனால்தான் கிட்ஹப்பில் ‘அறிமுகம்’ அறிமுகமாகவே இருக்கிறது.

நான் திருத்தியது இப்படி: ஒவ்வொரு குறியின் யூனிகோட் வகையையும் பார்த்து, எழுத்து, சேர்குறி, எண் மூன்றையும் இடைவெளி, கோடு, அடிக்கோட்டோடு வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் நீக்கினேன். சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. அப்புறம் அந்தக் கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டு டாக்டாக்குக்கு வந்தேன்.

மார்க்டவுன் கோப்புகளை இணையத்தளமாக்கும் எம்கேடாக்ஸ் (MkDocs) பயன்படுத்துகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அதன் அடியில் இருக்கும் பைத்தான் மார்க்டவுன், இயல்பாக ஆஸ்கி எழுத்துகளை (அடிப்படை ஆங்கில எழுத்துகள், எண்கள்) மட்டுமே ஆங்கரில் விடும். முழுத் தமிழ்த் தலைப்பு என்றால் ஒன்றும் மிஞ்சாது, அதனால் ‘_1’, ‘_2’ என்று வரிசை எண்ணைப் போட்டுவிடும். பொருளடக்கம் வேலை செய்யும். ஆனால் அந்த இணைப்பை நண்பருக்கு அனுப்பிய பிறகு மேலே ஒரு புதுத் தலைப்பு சேர்த்தால், அவர் வேறு எங்கோ போய் இறங்குவார்.

கிட்ஹப்பின் விதியை ஊகிக்காமல், கிட்ஹப்பிடமே கேட்டுவிடும் கருவி ஒன்றும் இருக்கிறது: ஜிஎச்-எம்டி-டிஓசி (gh-md-toc). இது டெர்மினலில் நேரடியாக ஓடும் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட், நிறுவல் என்று பெரிதாக எதுவும் இல்லை. உங்கள் கோப்பைக் கிட்ஹப்பின் சேவையகத்துக்கு அனுப்பி, அது திருப்பித் தரும் எச்டிஎம்எல்லில் இருந்து தலைப்புகளையும் ஆங்கர்களையும் பொறுக்கி எடுக்கும். அதனால் இணைப்பு தப்ப வழியில்லை. குறை என்னவென்றால் இணையம் வேண்டும், உள்நுழையாமல் மணிக்கு 60 முறைதான் கேட்க முடியும். அதைவிட முக்கியம், கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகிறது. அலுவலகத்தின் உள் ஆவணங்களுக்கு இதைத் தொடாதீர்கள். உங்களுடையது எப்படியும் ஊரறியக் கிட்ஹப்பில் கிடக்கும் கையேடு, ஆகவே பிரச்சினை இல்லை.

பேண்டாக் (pandoc) பற்றியும் யாராவது சொல்வார்கள். நல்ல கருவி, ஆனால் அதன் இடம் வேறு. மார்க்டவுனைப் பிடிஎஃப், வேர்ட், இணையப் பக்கம் என்று மாற்றும்போது வெளிவரும் ஆவணத்தில் அது பொருளடக்கம் சேர்க்கும், இயல்பாக மூன்று நிலை வரை. பக்க எண்ணோடு அச்சுக்குப் போகும் பிடிஎஃப் வேண்டுமானால் அதுதான் சரி. மேலும், தலைப்பின் தொடக்கத்தில் இருக்கும் எண்ணை அது ஆங்கரில் இருந்து நீக்கிவிடும், கிட்ஹப் வைத்துக்கொள்ளும். ஆகவே ஒன்றுக்குச் செய்த பொருளடக்கத்தை மற்றதில் ஒட்டாதீர்கள்.

இன்னொன்று, 2021 முதல் கிட்ஹப்பே ரீட்மீயின் (திட்டத்தின் முகப்பில் தெரியும் அறிமுகக் கோப்பு) மேல் மூலையில் தலைப்புப் பட்டியலைத் தானாகக் காட்டுகிறது. படிப்பவர்கள் எல்லாரும் அங்கேயே வந்து படிப்பார்கள் என்றால் உங்களுக்குக் கருவியே தேவைப்படாமல் போகலாம். என் அனுபவத்தில் அந்தப் பொத்தானைப் பாதிப் பேர் கவனிப்பதில்லை. கைப்பேசியில் படிக்கும் மாணவர்களுக்குக் கண்ணெதிரே பட்டியல் இருப்பதுதான் வசதி.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் செய்வது: கமிட் செய்துவிட்டு, டாக்டாக்கை அந்த ஒரு கோப்பின்மேல் மட்டும் ஓட்டுவேன். கிட்ஹப்புக்கு ஏற்றி, ஆங்கிலத் தலைப்புகளை விட்டுவிட்டு, கொம்பும் புள்ளியும் நிறைந்த நான்கைந்து தமிழ்த் தலைப்புகளையும், & அல்லது எண் இருக்கும் ஒன்றிரண்டையும் சொடுக்கிப் பார்ப்பேன். ஏதாவது அசையாவிட்டால் ஜிஎச்-எம்டி-டிஓசியை ஓட்டி இரண்டையும் ஒப்பிட்டால் எங்கே இடறுகிறது என்று தெரிந்துவிடும். எல்லாம் சரியென்றால் அந்தக் கட்டளையைக் ஒவ்வொரு கமிட்டுக்கு முன்பும் தானாக ஓடும் ஸ்கிரிப்டான ஹூக்கில் போட்டுவிடுவேன். ஹூக் இல்லாமல் விட்டால் மூன்றாவது வாரம் யாராவது ஒருவர் தலைப்பை மாற்றிவிட்டுக் கருவியை ஓட்ட மறப்பார். எங்கள் குழுவில் அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான்.