பதில்: 1840இல் அந்த விதவை எங்கே போவாள்?

வணக்கம். உங்கள் நாவலில் இங்கிலாந்தின் நார்ஃபோக் கிராமத்து ஏழை விதவை 1840இல் 'ஆம்ஸ்ஹவுஸ்' என்ற தரும இல்லத்தில் சேர்ந்து, பழங்கயிறு பிரித்தே கை புண்ணாகிறாள். இது பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருந்தாது. அந்த வேலை, கதியற்ற ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய வொர்க்ஹவுஸுக்கு உரியது. 1834 ஏழைகள் சட்டத்துக்குப் பின் வரிப்பணத்தில் நடந்த அந்த இடத்தை, யாரும் எளிதில் வந்துவிடக் கூடாதென்றே கடுமையாக வைத்திருந்தார்கள்.

ஆம்ஸ்ஹவுஸ் செல்வந்தர்கள் எழுதிவைத்த சொத்தின் வருமானத்தில் நடந்தது. தனி அறை, சிறு உதவித்தொகை, பல இடங்களில் நிலக்கரியும் அங்கியும் உண்டு. ஆனால் பெரும்பாலும் யாராவது இறந்தால்தான் இடம் காலியாகும்.

நார்ஃபோக்கிலேயே காசில் ரைசிங் ஊரில் டிரினிட்டி ஹாஸ்பிட்டல் என்ற ஆம்ஸ்ஹவுஸ் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்த்தாம்டன் பிரபு ஹென்றி ஹோவர்ட் மூதாட்டிகளுக்காக நிறுவியது. அதன் பழைய விதிகளைப் பாருங்கள்: வயது 56க்குக் குறையக் கூடாது, முடிந்தால் எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டும், பிச்சைக்காரி, குடிகாரி, சண்டைக்காரி ஆகாது, மணம் செய்தால் இடம் போய்விடும். சிவப்பு மேலங்கியும் கூம்புத் தொப்பியும் அணிந்து தேவாலயம் செல்வார்கள். (மருத்துவமனை என்று எழுதிவிடாதீர்கள்; அக்காலத்தில் தரும விடுதிகளுக்கும் அந்தப் பெயர்தான்.)

இன்னொன்று: ஊர் வரிப்பணத்தில் உதவி வாங்கியவர்களைப் அக்காலத்தில் பல ஆம்ஸ்ஹவுஸ்கள் சேர்க்கவில்லை. உங்கள் விதவை இடம் காலியாகும்வரை அந்த உதவியைத் தொடாமல் பட்டினியோடு தாக்குப்பிடிக்கட்டும். கயிறு பிரிப்பதைவிட வலுவான அத்தியாயம் அங்கேதான் கிடைக்கும்.