களுவாஞ்சிகுடி வீட்டை வித்து இங்க போடலாமா?

தங்கச்சி, நீ கேட்டதை ரெண்டு நாளா யோசிச்சுத்தான் எழுதுறன். ரொறன்ரோ வந்து மூணு மாசம். உனக்கெண்டு மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில வச்சிருக்கிற வீட்டை வித்துக் காசு அனுப்பட்டா எண்டு அம்மா கேக்கிறா. அந்தக் காசில இங்க வீடு வாங்கினா அது சீதனமா உனக்கே நிக்குமா, பிறகு பிரச்சினை வந்தா கோயில் பெரியாக்களை வச்சுத் தீர்க்கலாமா. இதுதானே கேள்வி?

நிக்காது. ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்துச் சட்டத்துக்குச் சீதன வீடு எண்டா என்னெண்டு தெரியாது. புருசன் பெண்சாதி குடியிருக்கிற வீடு எண்டாத்தான் தெரியும். கலியாணத்துக்குப் பிறகு அம்மா உனக்கு மட்டும் தாற காசு தனிக் கணக்கில கிடந்தா, பிரியிற நேரம் பங்குக் கணக்கில சேராது. அதையே குடியிருக்கிற வீட்டுக்குள்ள போட்டாயெண்டா அந்தப் பாதுகாப்பு போச்சு. வீட்டு உறுதிப் பத்திரம் உன்ட பேரில மட்டும் இருந்தாலும் வீட்டுப் பெறுமதி கணக்குக்குள்ள வந்திரும்.

எனக்கு இந்தக் கதை கொஞ்சம் சுடும். பாண்டிருப்பில எங்கட வீடு அம்மம்மாட சீதனம், அம்மாக்கு வந்து, அக்காக்கு எழுதினது. 2004 டிசம்பர் 26 அலை அத்திவாரம் மட்டும் விட்டுப் போச்சு. புது வீட்டுக்குப் பதிய வந்தவர் "குடும்பத் தலைவர் யார்?" எண்டார். கூடாரத்து வாசலில நிண்ட அக்கா, "வளவு என்ட" எண்டா. அவர் நிமிர்ந்தும் பார்க்காம அத்தான்ட பேரை எழுதினார். படிவத்தில ஒரு பேருக்குத்தான் இடம். பக்கத்து முஸ்லிம் ஊர் மருதமுனையில என்னோட படிச்சவளுக்கும் இதே கதை. அவங்கட ஊரிலயும் வீடு பொம்புளைப் புள்ளைக்குத்தானே. தமிழர், சோனகர் எண்டு எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்கிற காகிதத்துக்கு, ரெண்டு ஊருக்கும் பொதுவான இந்த வழக்கம் மட்டும் கண்ணில படயில்ல.

நம்மட நாட்டில சட்டம் ஆளைப் பார்த்து வரும். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை, முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டுக் கலியாணச் சட்டமும் காதி நீதிமன்றமும், கண்டிச் சிங்களவருக்கு வேறொண்டு. மட்டக்களப்பில முதுசத்தை, அதாவது பரம்பரைச் சொத்தை, தாய்வழி மருமக்களுக்குக் குடுத்த முக்குவர் சட்டம் 1876இல முடிஞ்சுது. அதுக்குப் பிறகும் வீடு மகளுக்குப் போகுதெண்டா, நொத்தாரிசு, அதான் பத்திரம் எழுதுற சட்டத்தரணி, எழுதுற உறுதியாலதான் போகுது. உன்ட மாப்பிள்ளை யாழ்ப்பாணம் எண்டாய். தேசவழமைக்குக் கீழ வாற ஆளெண்டா, கலியாணம் இருக்கிற வரைக்கும் நீயும் அதுக்குள்ளதான். உன்ட காணியை நீ விற்க அவர் எழுத்தில சம்மதம் தரவேணும். இதை அவருக்கே தெரியுமோ என்னவோ!

பெரியாக்கள் விசயம். குடும்ப வழக்கை மதச் சட்டப்படி நடுவர்கள் தீர்க்கலாமா எண்டு 2005இல இங்க பெரிய சண்டை நடந்தது. முஸ்லிம் பெண்கள் அமைப்பே முன்னுக்கு நிண்டு எதிர்த்தது. 2006 திருத்தத்துக்குப் பிறகு, கனடாச் சட்டப்படி தீர்த்தாத்தான் நடுவர் தீர்ப்புச் செல்லும். ரெண்டு பேரும் தனித்தனி வழக்கறிஞரிட்ட ஆலோசனை கேட்டும் இருக்கவேணும். நம்மட வழக்கத்தை மதிக்கல்ல எண்டு சில பேர் குறைப்படுவாங்க. ஸ்காபரோவில ஒரு பேஸ்மென்டில நடந்த பஞ்சாயத்தை நான் பார்த்தன். சுத்தி ஆறு ஆம்புளையள். ஆருட வாழ்க்கையைப் பேசினாங்களோ அந்தப் புள்ள மேல குசினியில தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டா. அதால எனக்கு இந்தத் திருத்தத்தில மனக்குறை இல்ல. படிவம் எழுதின அந்த ஆளும் இந்தப் பஞ்சாயத்தும் எனக்கு ஒண்டுதான்.

இப்ப செய்ய வேண்டியது. வீட்டை விற்க விடாத. அம்மா உன்ட பேருக்கு மட்டும் நன்கொடை உறுதி எழுதட்டும். ஊரில இருக்கிற அந்த வீடு இங்கத்தைப் பங்குக் கணக்கில சேராது. உறுதியின்ட பிரதி ஒண்டைப் பத்திரமா வை. இல்ல, காசு கட்டாயம் இங்க வேணுமெண்டா, போட முதல் ரெண்டு பேரும் ஒப்பந்தம் எழுதுங்க, ஆளுக்கொரு வழக்கறிஞரை வச்சு. வீடு வாங்கித் தாற வழக்கறிஞரையே ரெண்டு பக்கத்துக்கும் பிடிக்காத. ஆனா ஒப்பந்தத்தில எழுதினாலும், கலியாணம் இருக்கிற வரைக்கும் அவர் அந்த வீட்டில இருக்கிற உரிமையைப் பறிக்க ஏலாது.

அம்மாக்கு இண்டைக்கே கோல் எடு. வாங்கிற ஆள் அட்வான்ஸ் குடுத்திட்டா மறுகா கஷ்டம்.