பழுது பார்த்தால் பயன்படக்கூடிய பழைய சிறு கட்டடத்தை இடிப்பதில் ஊர் இரண்டுபட்டால் யார் பக்கம் நியாயம்?

எங்கள் ஊர்ப் பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே, நடுநிலையான பதிலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் உயிரிழந்த பிறகு, பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து அகற்றும் பணி தமிழகமெங்கும் வேகம் பிடித்தது. தேவையான பணிதான். அந்தப் பட்டியலில், வகுப்புகள் எல்லாம் காங்கிரீட் கட்டடத்துக்கு மாறிய பின் பூட்டிக் கிடந்த எங்கள் இரண்டு அறை ஓட்டுக் கட்டடமும் சேர்ந்தது.

அதன் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர்கள். அவற்றில் விரிசல் இல்லை. ஒரு மூலையில் சீமை ஓடுகள் உடைந்து, மழைநீர் இறங்கி, அங்கே கூரையைத் தாங்கிய பனைமரச் சட்டங்களான பனங்கைகளைக் கறையான் தின்றிருந்தது. இடையில் யாரோ சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமெண்ட் பூசிவிட்டதால் உள்ளே வாங்கிய ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்பி உதிர்ந்து, நல்ல சுவரையும் நோயாளிபோல் காட்டியது. கூரையை மாற்றினால் நூலகமாகவோ மாலை நேரப் படிப்பகமாகவோ ஆக்கலாம் என்பது எங்கள் வாதம். ஆய்வறிக்கையோ கூரை, சுவர் என்று பிரிக்காமல், முழுக் கட்டடத்தையும் பயன்படுத்தத் தகுதியற்றது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இடிக்கச் சொன்ன பொறியாளரை எவரும் கேள்வி கேட்கப் போவதில்லை. நிற்கட்டும் என்று எழுதி, பிறகு ஓர் ஓடு விழுந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால், அவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சென்னை அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் சென்று அதைத் தடுத்தது. இரண்டு அறைப் பள்ளிக்கு அப்படி யார் வருவார்கள்?

ஜனவரி 26 கிராம சபையில் ஒரு தாய் எழுந்து, "நாளைக்குப் பிள்ளை தலையில் ஓடு விழுந்தால் நீங்கள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவீர்களா?" என்று எங்களைக் கேட்டார். இடிக்காதீர்கள் என்று கையெழுத்திட்ட அத்தனை பேரும் அங்கே வாய்மூடி நின்றோம். இடிக்கும் தீர்மானம் நிறைவேறியது. அரை நாள் வேலை என்று வந்த பொக்லைன், அந்தச் சுவர்களோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியது. ஓடும் மரமும் ஏலத்தில் போயின.

இன்று அப்படியொரு கூட்டம் நடந்தால், தாத்தா படித்த பள்ளி என்று பேச்சைத் தொடங்க மாட்டேன். கூரைக்கும் சுவருக்கும் தனித்தனி அறிக்கையை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, பழுது பார்க்கும் செலவு மதிப்பீட்டுடன், சாவி யாரிடம் இருக்கும், ஆண்டுதோறும் ஓடு மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதையும் எழுதிக்கொண்டு போவேன். அந்தப் பொறுப்பை ஏற்க ஊரில் நாலு பேர்கூட முன்வரவில்லை என்றால், அந்தத் தாயின் பக்கமே கை தூக்குவேன்.