முற்றத்தில் ஒரு மொறிஸ்: வாசகர் கேள்விகள்

மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்து வாகனத்தைத் திருத்துவது பற்றி, மட்டக்களப்பில் 31 வருடம் கராஜ் நடத்தி ஓய்ந்தவர் பதில் சொல்கிறார்

கேள்வி: அப்பாவின் மொறிஸ் மைனர் பிக்கப் எங்கள் மாமரத்தடியில் 17 வருடமாக நிற்கிறது. ஒரு காலத்தில் வெற்றிலையும் மிளகாயும் கல்முனைச் சந்தைக்கு ஏற்றிய வாகனம். அப்பாவுக்கு இப்போது 79 வயது. வருகிற சித்திரைப் புத்தாண்டுக்கு அவரை அதில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப்போக ஆசை. ஓஎல் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கும் மகன், வீடியோக்களைப் பார்த்துவிட்டு, முழுவதையும் கழற்றிப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்கிறான். அப்பாவோ பற்றரி போட்டால் ஓடும் என்கிறார். ஆண்டு ஐந்து படிக்கும் மகளும் "நானும் செய்வேன்" என்று நிற்கிறாள். எங்கே தொடங்குவது?
(களுதாவளை வாசகர்)

பதில்: தம்பி, பற்றரி போட்டால் ஓடும் என்று அப்பா சொல்வது அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். எனக்குப் பயமே அதுதான். ஓடத் தொடங்கினால் நிற்கவும் வேண்டுமே! 17 வருடம் கிடந்த பிறேக் பிடிக்காது. ஆகவே முதலில் பிறேக், பிறகு முன்சக்கரம், பிறகு எஞ்சின். பெயிண்ட் கடைசி.

மகனிடம் என் கதையைச் சொல்லுங்கள். ஆரையம்பதியில் என் மாமனாரிடமும் இதே பிக்கப் ஒன்று இருந்தது. நானும் இரண்டு மச்சான்மாரும் ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கி, பின்னேரத்துக்குள் முழுவதையும் கழற்றிப் போட்டோம். சுரை, போல்ட் எல்லாம் பால்மா டின்களுக்குள் போனது. எந்த டின் எந்த இடத்துக்கு என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. கழற்ற ஒரு நாள், பூட்ட நாலு வருடம். மாமனார் ஒவ்வொரு நாளும் திண்ணையில் இருந்து அந்த எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, "எப்ப மனே ஓடும்?" என்பார். மறுகா அவர் கேட்பதை விட்டுவிட்டார். அது கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. உங்கள் அப்பாவுக்கு 79. வாகனம் நாலு சக்கரத்தில் நிற்க நிற்கவே ஒவ்வொரு பகுதியாகச் செய்யுங்கள்.

எதையும் தொடுமுன் உரிமைப் புத்தகத்தை எடுத்து, அதில் உள்ள செசி (அடிச்சட்டம்) இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் இலக்கம் 9இல் தொடங்கினால் 948 சிசி, 10இல் தொடங்கினால் 1098 சிசி. கறள் சுரண்டுகிற அவசரத்தில் இலக்கத் தகட்டை எறிந்துவிட்டால், பிறகு வரிப்பத்திரம் எடுக்கப் போகும்போது பிரதேச செயலகத்தில் தலையைச் சொறிய வேண்டிவரும்.

இனிப் பிறேக். இந்தக் காலத்து வாகனங்களில் பிறேக் இரண்டு பிரிவு. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். மைனரில் ஒரே வழிதான். ஒரு றப்பர் கிழிந்தால் நாலு சக்கரத்திலும் பிறேக் போய்விடும், மிஞ்சுவது கைப்பிறேக் மட்டும். சிலிண்டர்களின் றப்பர் எல்லாவற்றையும், மூன்று வளைகுழாய்களையும் யோசிக்காமல் மாற்றுங்கள். பிறேக் ஒயில் ஊற்றும் இடத்தைத் தேடி மகன் பொனட்டுக்குள் தலையை விடுவான். அங்கே இல்லை. சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கிறது, பாயைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதிய பிறேக் ஒயில் மட்டும் ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் ஒயில் ஊற்றினால் புது றப்பர் எல்லாம் உப்பி நாசமாகும். பிறேக் குழாய்க்குள் நிற்கும் காற்றை எடுக்கும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கீழே படுத்திருக்க, ஒருவர் மேலே இருந்து மிதிக்க. அப்பாவை ஏற்றி மிதிக்க விடுங்கள். அவருடைய காலுக்கு அந்தப் பெடலின் கனம் தெரியும். "இப்ப பிடிக்குது" என்று அவர் சொன்னால் பிடிக்கிறது என்று அர்த்தம்.

முன்சக்கரம்தான் மைனரின் பழைய வியாதி. சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டு, கீழே ட்ரனியன் என்ற மூட்டுக்குள் மரையாகத் திருகி நிற்கிறது. கிறீஸ் போகாவிட்டால் அந்த மரை தேயும். முழுதாகத் தேய்ந்த நாளில் தண்டு கழன்று சக்கரம் மடிந்து படுத்துவிடும். எங்களுடையது கோயில் வீதியில், பின்னுக்கு எடுக்கும்போது படுத்தது. நல்லகாலம், வேகம் இல்லை. தேர்த் திருவிழாச் சனம் முழுவதும் பார்த்ததுதான் மிச்சம். ஜக்கால் தூக்கி, கீழே கட்டை வைத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகட என்றால் மாற்றத்தான் வேண்டும். நல்லதாக இருந்தால் பக்கத்துக்கு இரண்டு நிப்பிளிலும் பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள்.

எஞ்சின் உடனே சுற்றாவிட்டால் முறுக்க வேண்டாம். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு மேசைக்கரண்டி மெல்லிய ஒயில் ஊற்றி ஒரு கிழமை விடுங்கள். பிறகு முன்னால் போட்டுச் சுற்றும் கைப்பிடியால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அந்தக் கைப்பிடியைப் பிடிக்கும் விதத்தை அப்பாவிடம் கேட்டு மகன் பழகட்டும். பெருவிரல் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கைப்பிடி கையை விட்டுப் போகும், விரல் முறியாது. இது வீடியோவில் வராத பாடம்.

மகளுக்கும் வேலை இருக்கிறது. வால்வு இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே விடும் சிறு வெளி) வைக்கும்போது பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினில் எட்டு வால்வு. முன்பக்கமிருந்து 1, 2, 3 என்று எண்ணுங்கள். எந்த வால்வு முழுதாக அமுங்கி நிற்கிறதோ, அதன் எண்ணை 9இலிருந்து கழித்தால் வருகிற வால்வைத்தான் அப்போது சரிசெய்ய வேண்டும். எட்டாவது அமுங்கினால் முதலாவது, மூன்றாவது அமுங்கினால் ஆறாவது. இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. என் பேத்திக்கு இந்தக் கணக்கைச் சொன்னபோது ஏழு வயது. நான் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, அவள் "ஐஞ்சு அமுங்குது, நாலைப் பாருங்க அப்பப்பா" என்று கத்துவாள். ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை. பிழைத்தது நான்தான், கண்ணாடி போடாமல் அளவுத் தகட்டை மாறி எடுத்து.

பெயிண்டைப் புத்தாண்டுக்குள் அடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். நமது மாரியில் காற்றே ஈரம்; திறந்த முற்றத்தில் அடித்தால் பால் பூத்ததுபோல் வெளுக்கும். சித்திரைக்குக் கறளோடும் சுருக்கங்களோடும் போகட்டும். அப்பாவும் அப்படித்தானே வருகிறார்! கோடை பிடித்த பிறகு மகனின் ஆசைப்படி அடிக்கலாம். தகடு தேவைப்பட்டால், முன்பாதி மைனர் காரினுடையதேதான். முன் மடகாட்டைக் காரிலிருந்து எடுத்துப் பூட்டலாம். 1990களில் இந்த நாட்டிலேயே மைனர் தகடுகளை அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் தென்பகுதியில் இன்னும் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: என் கணவரும் அவருடைய தம்பிமாரும் மூன்று மாதமாக ஒரு பழைய பிக்கப்பை எங்கள் போர்ட்டிக்கோவில் வைத்துத் திருத்துகிறார்கள். வீடெல்லாம் தூசி. சின்னவன் அவர்களோடு நின்று பெயிண்ட் சுரண்டுகிறான், இருமுகிறான். சொன்னால் "பெடியன் தொழில் பழகட்டும்" என்கிறார்கள். நான் பேசுவது பிழையா?
(தம்பிலுவில் வாசகி)

பதில்: பிழையே இல்லை, தங்கச்சி. இந்தப் பதிலை வெட்டிப் போர்ட்டிக்கோத் தூணில் ஒட்டுங்கள். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும். உலரத் தேய்த்தால் தூளாகி மூச்சோடு போகும், பிள்ளைகளுக்கு அது நஞ்சு. நீர்க்கடதாசியைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், அதுவும் பெரியவர்கள். பழைய பிறேக் பட்டிகளில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கும், அந்தத் தூளும் மூச்சோடு போகக் கூடாது. பிறேக் டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவது, காற்றுக் குழாயால் அடிப்பது எல்லாம் நானும் வருடக்கணக்காகச் செய்த மடத்தனம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கவும் கூடாது.

சின்னவன் தொழில் பழகட்டும். கழற்றிய ஒவ்வொரு போல்டையும் சின்னப் பையில் போட்டு, கடதாசியில் எழுதிக் கட்டுகிற வேலையைக் கொடுங்கள். நாங்கள் அந்த வேலைக்கு ஒருவரை வைத்திருந்தால் நாலு வருடம் மிச்சமாகியிருக்கும். போர்ட்டிக்கோவைப் பற்றி, ஒரு தார்ப்பாயும் வேலிக்கரையும் போதும் என்று அந்த மூன்று பேருக்கும் நானே சொல்கிறேன்.

கேள்வி: 2004இல் கடல் வந்தபோது உப்புத்தண்ணீரில் மூழ்கிய பிக்கப். சும்மா விட மனமில்லை. எடுக்கலாமா?
(கல்லடி வாசகர்)

பதில்: ஒரு பழைய திருப்புளியும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். பிக்கப்புக்குத் தனிச் செசி இருப்பதால் அதுதான் உயிர். பெட்டி போன்ற அந்த இரும்புக்குள் உப்பு போயிருந்தால் உள்ளேயிருந்து தின்னும், வெளியே பெயிண்ட் அழகாகவே நிற்கும். பின்பக்கத் தகட்டு வில் பூட்டுகிற இடத்தில் தட்டுங்கள். கணீர் என்றால் எடுங்கள். தொப் என்றாலோ, திருப்புளி உள்ளே போனாலோ, கதவையும் பொனட்டையும் கழற்றி வைத்துக்கொண்டு மனதைத் தேற்றுங்கள். புட்டி பூசி மறைத்துத் தரச் சொல்லி யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: புது பற்றரி வாங்கிப் பூட்டினேன், மச்சான் தந்த றேடியோவையும் பூட்டினேன். புகை வந்தது. ஏன்?
(செங்கலடி வாசகர்)

பதில்: மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு பூட்டப்பட்டிருக்கும், இன்றைய வாகனங்களுக்கு நேர் எதிர். புது றேடியோ எதிர்முனை உடலில் இருக்கும் என்று நம்பி வருகிறது. அதன் இரும்புக் கூடு தகட்டில் பட்டதும் எரிந்திருக்கும். றேடியோ போச்சு. வயர்களையாவது பாருங்கள், உருகியிருந்தால் மாற்றாமல் திறப்பைத் திருப்ப வேண்டாம்.

கேள்வி: பெற்றோல் தாங்கி ஒழுகுகிறது. காலியாகி ஒரு வருடம். வெல்டிங் வைக்கலாமா?
(வாழைச்சேனை வாசகர்)

பதில்: வேண்டாம். ஒரு வருடம் காலியாக இருந்தாலும் ஆவி உள்ளேதான் இருக்கும். வெடிப்பது பெற்றோல் இல்லை, ஆவி. தாங்கி திருத்துவதையே தொழிலாகச் செய்பவரிடம் கொண்டுபோங்கள், அல்லது வேறு தாங்கி தேடுங்கள்.

கேள்வி: பெற்றோல் 92 ஒக்டேன் போடவா, 95 போடவா?
(அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: 92. மிச்சக் காசுக்குக் கிறீஸ் வாங்குங்கள்.