எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ-வை ஏற்றப் போகிறார்கள்?

கேள்வி: என் அண்ணனுக்கு இரத்தப் புற்றுநோய், நாள்பட்ட லிம்போசைட் லுகேமியா என்கிறார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ-வுக்கு 2024-ல் நோபல் பரிசு கிடைத்ததாம், அதை உடம்பில் ஏற்றினால் இந்த நோய் தீர்ந்துவிடுமாம். இப்படிச் சொல்லி ஒருவர் சத்து மாத்திரை தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. ஒரு டப்பாகூட வாங்காதீர்கள்.

நோபல் பரிசு உண்மை. விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 1993-ல் ஒரு சின்னஞ்சிறு புழுவில் கண்டுபிடித்ததற்குத் தரப்பட்டது அது. ஆனால் மாத்திரை தருபவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ-வை ஏற்றப் போகிறீர்கள்?" மனித உடம்பில் 2,000-க்கும் மேற்பட்டவை பட்டியலிடப்பட்டிருக்கின்றன. புற்றுநோயை அடக்கி வைப்பவையும் அவற்றில் உண்டு, வளர்த்துவிடுபவையும் உண்டு.

மரபணு நேரடியாகப் புரதம் செய்வதில்லை. முதலில் தூது ஆர்.என்.ஏ என்ற நகல் எழுதப்படும். அதைப் படித்துத்தான் செல் புரதம் செய்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது சுமார் 22 எழுத்து நீளமுள்ள ஒரு துணுக்கு. அது நகலின் வால்பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும். உடனே நகல் சிதைக்கப்படும், அல்லது அதிலிருந்து புரதம் உண்டாவது குறையும். மரபணுவில் ஓர் எழுத்தும் மாறாது. ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான மரபணுக்களின் நகல்களில் ஒட்டக்கூடியது என்பதையும் மனதில் வையுங்கள்.

உங்கள் அண்ணனுக்கு வந்திருக்கும் நோயில்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ-வுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு முதன்முதலில் தெரியவந்தது. இந்த நோயாளிகளில் பாதிப்பேருக்கு மேல் 13-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் புற்றுநோயைத் தடுக்கும் மரபணு ஏதோ இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் தேடினார்கள். புரதம் செய்யும் மரபணுக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. 2002-ல் கார்லோ குரோச்சே, ஜார்ஜ் காலின் குழுவினர் அங்கே கண்டது புரதமே செய்யாத இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களை: 15ஏ, 16-1. அவர்கள் சோதித்த நோயாளிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இவை இல்லை, அல்லது குறைந்திருந்தன.

சரி, இவை எதை அடக்கி வைத்திருந்தன? விடை 2005-ல் வந்தது: பிசிஎல்2. செல்லைச் சாகவிடாமல் காக்கும் புரதம் அது. வேலை முடிந்த வெள்ளை அணு தானாக மடிய வேண்டும். 15ஏ-வும் 16-1-ம் போய்விட்டால் பிசிஎல்2 பெருகும். மடிய வேண்டிய அணு மடியாது. அப்படி மடியாத அணுக்கள் நாளுக்கு நாள் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். இந்த இரண்டும் உள்ள பகுதியை எலிகளிடமிருந்து நீக்கிப் பார்த்தபோது, சில எலிகளுக்கு வயதான பிறகு இதே போன்ற நோய் வந்தது.

இதற்கு நேர் எதிர் 155 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. எலிகளின் பி அணுக்களில் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) அதை மிகையாக உண்டாக வைத்தபோது அவற்றுக்கு லுகேமியா வந்தது. அதற்காக அடியோடு நீக்கினால் நோய் எதிர்ப்புச் சக்தி கெடுகிறது. இவ்வளவு நுணுக்கமான விஷயத்தைச் 'சத்து' என்று டப்பாவில் அடைத்து விற்பது நோயாளியின் பயத்தை வைத்துச் செய்யும் வியாபாரம். எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம், ஆர்.என்.ஏ-வை விழுங்கினால் குடலிலேயே செரித்துவிடும். 34ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ-வைப் போலவே செயற்கையாகச் செய்த துணுக்கைக் கொழுப்புக் குமிழியில் பொதிந்து புற்றுநோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று நடந்தது. கடுமையான பக்கவிளைவுகள் வந்ததால் 2016-ல் நிறுத்திவிட்டார்கள். லுகேமியாவுக்கென்று அனுமதி பெற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்து எதுவும் இன்றுவரை இல்லை.

ஆனால் பிசிஎல்2-வை நேரடியாக முடக்கும் மருந்து இருக்கிறது: வெனிடோகிளாக்ஸ். அமெரிக்காவில் இந்த நோய்க்கு முதல் அனுமதி 2016-ல் கிடைத்தது. அதையும் எடுத்த எடுப்பில் முழு அளவு தரமாட்டார்கள். தினம் 20 மில்லிகிராமில் தொடங்கி, 5 வாரத்தில் படிப்படியாக 400-க்கு ஏற்றுவார்கள். அணுக்கள் ஒரேயடியாக மடிந்தால் சிறுநீரகம் தாங்காது. அண்ணனுக்கு அது தேவையா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். "இப்போதைக்கு மருந்து வேண்டாம், கவனித்து வருவோம்" என்று அவர் சொல்லியிருந்தால் பதறாதீர்கள். இந்த நோயில் அதுவும் முறையான வழிதான்.

மாத்திரைக்கு வைத்திருக்கும் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை போகும்போது குரோமோசோம் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி, '13கியூ இழப்பு' (மேலே சொன்ன 13-ஆம் குரோமோசோம் துண்டு இல்லாதது) என்று இருக்கிறதா பாருங்கள். வேறு கோளாறு இல்லாமல் அது மட்டும் இருந்தால், நோய் பொதுவாக மெதுவாகவே நகரும்.